மில் நிற்கும் நேரத்துச் செமினார்

அரிசி மில்லின் சுவரை ஒட்டிக் கம்ப்யூட்டரை வைத்துவிட்டு, அதில் பாடம் நடத்து என்று என்னிடம் சொன்ன மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் எங்கள் துறைத் தலைவர். எண்பதுகளின் பின்பாதி அது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டே இருந்தது. எழும்பி முடிகிற பாட்டைக் காணோம். அதுவரைக்கும் எங்கள் துறைக்கு வில்லியனூர் ரோட்டில், மூலக்குளம் தாண்டி, ஓர் அரிசி மில்லின் பழைய கிடங்கை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வாடகை மலிவு என்பது தலைவரின் வாதம். மில் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வாடகையை இன்னும் குறைத்துக் கேட்டிருப்பார்.

மில்லில் மோட்டார் போட்டால் எங்கள் அறையில் ட்யூப்லைட் கண் சிமிட்டும். அடுத்த நொடி கம்ப்யூட்டர் செத்துவிடும். ஸ்டெபிலைசர் ஒன்று இருந்தது. அது வோல்டேஜைச் சரிசெய்யாது. வோல்டேஜ் சரியில்லை என்ற செய்தியை மட்டும் டக் டக்கென்று அடித்துச் சொல்லும். மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. எல்லாம் ஃப்ளாப்பிதான், அதுவும் எண்ணி எண்ணித் தருவார்கள். அந்த ஃப்ளாப்பிக்குள் தவிட்டுத் தூசி போய்விடும். காலையில் அறையைத் திறந்தவுடன் நான் செய்கிற முதல் வேலை பாடம் தயாரிப்பதல்ல, ஈரத்துணியால் மேஜை துடைப்பது. முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று என் அம்மா ஒருமுறை கேட்டார்.

மில் முதலாளி வில்லியனூர்க்காரர், முஸ்லிம் வியாபாரி. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக மில்லை நிறுத்துவார். ஆட்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்கோ சாப்பாட்டுக்கோ போய்விடுவார்கள். வாரம் முழுவதிலும் கரண்ட் ஒழுங்காக இருக்கிற நேரம் அது ஒன்றுதான். ஆகவே முதலாண்டு எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கான என் செமினார் வெள்ளிக்கிழமை மதியச் செமினார் ஆயிற்று. சாப்பாட்டு நேரத்தில் பாடமா என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். நானும்தான் பட்டினி என்று சொல்லி வாயை அடைத்தேன்.

செமினாரின் பொருள் டேட்டா கம்ப்ரஷன், அதாவது தகவலைச் சுருக்கி வைப்பது. ஃப்ளாப்பிக்கே பஞ்சமான இடத்தில் இதைவிட உருப்படியான பொருள் எனக்குத் தோன்றவில்லை. விஷயம் பெரிய வித்தை அல்ல. அடிக்கடி வருகிற எழுத்துக்குச் சின்னக் குறியீடு கொடு, எப்போதாவது வருவதற்குப் பெரிய குறியீடு கொடு; மொத்தம் தானாகச் சுருங்கும். அடிக்கடி வருகிற சொல்லுக்கோ வாக்கியத்துக்கோ ஓர் எண்ணே கொடுத்துவிடலாம். ஆனால் சுருக்குகிறவனிடமும் விரிக்கிறவனிடமும் ஒரே அட்டவணை இருக்க வேண்டும். இதை விளக்குவதற்குத் தந்தியைத்தான் உதாரணம் சொன்னேன். தபால் ஆபீஸில் கல்யாண வாழ்த்துத் தந்தி கொடுக்கப் போனால் முழு வாக்கியமும் எழுத வேண்டாம். வாழ்த்துகள் சுவரில் எண்ணோடு தொங்கும். எண்ணைச் சொன்னால் அந்த எண் மட்டும் கம்பியில் போகும். அந்தப் பக்கத்தில் அதே அட்டவணையைப் பார்த்து வாழ்த்தை எழுதிக் கொடுப்பார்கள்.

"எங்க வாப்பா 'யூஷுவல்'னு ஒரே வார்த்தைதான் அடிப்பாரு மேடம்," என்றான் ஒருவன். "அந்தப் பக்கம் பார்ட்டி இன்னா அனுப்பணுமோ கரெக்டா அனுப்பிடுவாரு."

அவன் மில் முதலாளியின் மகன். நல்ல மூளை. ஆனால் வெள்ளிக்கிழமை அவனும் தொழுகைக்குப் போக வேண்டும். அவன் தொழுதுவிட்டு வருகிற அதே நேரத்துக்கு அவன் அப்பாவின் ஆட்களும் திரும்பி வந்து மோட்டாரைப் போடுவார்கள். ஆக, அந்த ஆண்டு முழுவதும் அவனுடைய புரோகிராம் ஒரு தடவைகூட முழுதாக ஓடவில்லை. தகப்பனின் மில் மகனின் படிப்பைக் கெடுக்கிறது என்று அவனிடமே சொன்னேன். "மில்லு ஓடுனாத்தான் மேடம் ஃபீஸ் கட்ட முடியும்," என்றான்.

மற்றவர்கள் இன்னொரு ரகம். ஒருவன் எழுதிய புரோகிராம் கோப்பைச் சுருக்குவதற்குப் பதிலாகப் பெருக்கிவிட்டது. குறியீட்டு அட்டவணையையும் ஒவ்வொரு வரியோடும் சேர்த்து எழுதியிருந்தான். இன்னொருவன், சுருக்கினால் ஒரே எழுத்து மட்டும் மிஞ்சும்படி அசாத்தியமாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்தான். நான் அசந்துபோய், இதைத் திரும்ப விரித்துக் காட்டு என்றேன். "விரிக்கிறது அடுத்த செமஸ்டர்னு நெனச்சேன் மேடம்," என்றான். அன்று என் கையிலிருந்த சாக்பீஸ் எத்தனை துண்டாயிற்று என்று பார்க்கவில்லை. நான் பொறுமைசாலி என்று எவரும் இதுவரை சொன்னதில்லை, அந்த மதியங்களுக்குப் பிறகு சொல்லவும் வாய்ப்பில்லை.

அவர்களுக்கு நடுவில் ஒரு பெண் இருந்தாள். பாகூர்ப் பக்கம். அப்பா கரும்பும் நெல்லும் பயிரிடுகிறவர். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் சாயங்கால பஸ்ஸை விடமாட்டாள். குரல் பக்கத்து நாற்காலிக்கே கேட்காது. ஆனால் கையில் பென்சில் எடுத்துவிட்டால் பிழை வராது. மெஷின் கிடைக்காத நாட்களில் புரோகிராமைத் தாளில் எழுதி, தாளிலேயே ஓட்டிப் பார்த்து, எங்கே நிற்கும் என்று எனக்குச் சொல்வாள். மெஷினில் போட்டால் அங்கேதான் நிற்கும்.

அவள் சுருக்குவதற்கு எடுத்துக்கொண்டது ரேடியோவில் வருகிற வானிலை அறிக்கை. அவள் அப்பா ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்பார், இவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். மெஷினில் தமிழ் எழுத்து வராது, ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டேன்.

"தினிக்கும் அதே வார்த்தைங்கதான் மேடம் வருது. 'ஓரிரு இடங்களில்', 'லேசானது முதல் மிதமான'. நாலு வாட்டி கேட்டா, அவங்க சொல்லி முடிக்கறதுக்கு முன்ன நாமளே சொல்லிடலாம்."

நான் பத்து மணி நேரம் தொண்டை கிழியச் சொன்னதை அவள் இரண்டு வரியில் சொல்லிவிட்டாள். முன்கூட்டியே தெரிகிற செய்திக்கு இடம் தேவையில்லை. சுருக்கும் கலை மொத்தமும் அதில்தான் நிற்கிறது.

அந்தப் பெண் படிப்பை முடிக்க வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்பட்டேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவள் அப்பா கொடுத்திருந்த வாக்கு ஒரு வருஷத்துக்குத்தான். "இந்த வருசம் முடி, பொறவு பாத்துக்கலாம்," என்றாராம். 'பொறவு பாத்துக்கலாம்' என்றால் கல்யாணம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கரியமாணிக்கத்தில் உறவிலேயே ஒரு மாப்பிள்ளை இருந்தான். முதலாண்டில் ஒரு தாளில் தவறினாலும் இரண்டாம் ஆண்டுக்கு ஏற்ற மாட்டார்கள். அது ஒன்று போதும், அவர் அத்தோடு நிறுத்திவிடுவார். செமினாருக்கு மார்க் போடுவது வெளியூரிலிருந்து வருகிற ஒரு நிபுணர். அவர் முன்னால் ஒவ்வொருவரும் புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். அன்று வராதவர்களுக்கு மார்க் இல்லை.

பொங்கல் விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போனார்கள். போன பின்புதான், நிபுணருக்கு ஒழிவு கிடைத்த நாள் பொங்கலை அடுத்த வெள்ளிக்கிழமை மட்டுமே என்று தலைவர் கண்டுபிடித்தார். செமினாரை இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்று எனக்குக் கவலையே இல்லை. அந்தப் பக்கத்தில் செய்தி போகிற வழி பஸ் கண்டக்டர். மருந்து, டிபன் கேரியர், கல்யாணச் செய்தி, சாவுச் செய்தி எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டால் போதும்; இறங்குகிறவர்களில் சரியான ஆளைப் பிடித்துச் சொல்லி அனுப்பிவிடுவார். பாகூர் பஸ் கண்டக்டரிடம் சனிக்கிழமை சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது, "சொல்லியாச்சு மேடம், பொண்ணு வரேன்னுச்சு," என்று பதிலும் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கும் இப்படியே போய்ச் சேர்ந்தது.

இதைத் தலைவரிடம் சொன்னபோது அவர் முகம் சுளித்தார்.

"கண்டக்டர் சொன்னாரா? நாளைக்கு ஆடிட்ல கேட்டா கண்டக்டரைக் கூப்பிடுவீங்களா மேடம்? இன்டிமேஷன் எழுத்துல போகணும்."

எழுத்தில் போயிற்று. எல்லா மாணவர்கள் வீட்டுக்கும் தந்தி கொடுத்துவிட்டார். எனக்குச் சொல்லவுமில்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தியை, அதாவது புதிதாக எதுவுமே சொல்லாத ஒரு செய்தியை, சர்க்கார் செலவில் அனுப்பி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே கண்டக்டர் படியில் தொங்கியபடியே சொல்லிவிட்டுப் போனார்.

"மேடம், உங்க பாகூர் பொண்ணு வூட்ல சாவு. நேத்து தந்தி வந்துதாம்."

யார் என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது. தந்திக்கும் தலைவருக்கும் முடிச்சுப் போட அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர்தான் என்னிடம் சொல்லவே இல்லையே. வில்லியனூரில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பாகூர் போய்ச் சேர்ந்தேன். தெருமுனையிலேயே வீடு தெரிந்தது. வாசலில் ஓலைக் கீற்றுப் போட்டு நிழல் கட்டியிருந்தார்கள். ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாலையோடு நான் வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், உள்ளே இருந்து பெண்கள் ஓவென்று அழுதுகொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. யாருக்காக அழுகிறேன் என்று தெரியாமலே நன்றாக அழுதேன்.

அப்போதுதான் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அது அழுத சிவப்பு அல்ல, கோபச் சிவப்பு. முதல் தடவையாக அவள் குரல் தெருவுக்கே கேட்டது.

"மேடம், யாரும் சாவல."

விஷயம் இதுதான். திங்கட்கிழமை தந்தி வந்தபோது அவள், கரும்பு வெட்டுகிற இடத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் வேறு யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. அந்த வீட்டுக்கு அதுவரை வந்த தந்திகள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தன. அவளுடைய சித்தப்பா பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்; பட்டாளத்துக்காரரை இங்கே சொல்தா என்பார்கள். தந்தி என்றால் சாவு, தூரத்தில் இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான், ஆகவே செத்தது அவர். இதற்குத் தந்தியைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிய மறு நிமிஷம் அவள் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவள் ஓடி வருவதற்குள் தெரு கூடிவிட்டது. கரியமாணிக்கத்துக்கு ஆள் போய்விட்டது.

அவள் பிரித்துப் படித்தாள். வெள்ளிக்கிழமை செமினார், வருகை கட்டாயம், இப்படிக்குத் துறைத் தலைவர். இதைத் தமிழில் உரக்கச் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை. தந்தியில் யார் உண்மையைப் போடுகிறார்கள்? செத்துப்போனவரை 'சீரியஸ்' என்றுதான் போடுவார்கள். 'உடனே புறப்படு' என்றால் தூக்குவதற்குள் வந்துவிடு என்று அர்த்தம். அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. படிக்கிறவர்களும் மாற்றித்தான் படிப்பார்கள், முதலிலேயே நெஞ்சில் அடித்தாற்போல் சொல்லக் கூடாது என்று. ஆகவே பெண், பெற்றவர்களின் மனசு தாங்காது என்று மாற்றிப் படிக்கிறாள் என முடிவு கட்டிவிட்டார்கள். அவள் சத்தியம் செய்யச் செய்ய அழுகை கூடிற்று. அந்த நேரம் பார்த்து, பட்டணத்திலிருந்து டீச்சரே மாலையும் கையுமாக வந்து நின்றால் கேட்கவா வேண்டும்?

நான் சொன்னேன். நயமாகச் சொன்னேன், பிறகு கத்திச் சொன்னேன். தந்தி எங்கள் ஆபீஸிலிருந்து வந்தது, அதில் இருப்பது ஒரு பரீட்சை அறிவிப்பு, பிரான்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் பேசப் பேச, ஒரு அம்மாள் என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். யாரோ என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு போய், உள்ளே விளக்கேற்றி வைத்திருந்த சித்தப்பாவின் போட்டோவுக்குப் போட்டுவிட்டார்கள். அந்தப் போட்டோவில் பட்டாள உடையில் ஒரு மனிதர் திடகாத்திரமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு. என்னைத் தனியாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார்.

"நீங்க படிச்சவங்கம்மா. எங்கிட்டயாவது மறைக்காம சொல்லுங்க. எம் தம்பிக்கு இன்னா ஆச்சி?"

"ஐயா, உங்க தம்பியை எனக்குத் தெரியவே தெரியாது. இது பரீட்சைத் தந்தி. உங்க பொண்ணுதான் சொல்றாளே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாதி நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உள்ளே அழுகிற கூட்டத்தை வைத்துக்கொண்டு பாதி நம்பிக்கையால் என்ன செய்ய முடியும்?

"நேத்தே பட்டணம் போயி தம்பிக்கு ஒரு தந்தி அடிச்சிட்டு வந்தேன். பதில் வரட்டும். அது வரைக்கும் இது சாவு வூடு. தீட்டு. பொண்ணு பதினாறு நாள் வாசப்படி தாண்டாது."

"வெள்ளிக்கிழமை அவ வரலைன்னா ஒரு வருஷப் படிப்பு போச்சுங்க."

"போவட்டும்," என்றார். "பங்காளி செத்தாக்கா படிப்பு பெருசா?"

யாரும் சாகவில்லை என்று மறுபடியும் ஆரம்பித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் திரும்பும்போது அவள் வாசற்படிக்கு உள்ளேயே நின்று, ஃப்ளாப்பியைப் பத்திரமாக உறையில் வைத்திருப்பதாக எனக்குச் சொன்னாள். அதை எதற்குச் சொன்னாள் என்று புரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது இன்னும் கூடியது.

யார் மேல் என்பது மறுநாள் தெளிவாயிற்று. நாளைத் தள்ளிப் போடுங்கள் என்று தலைவரிடம் கேட்டேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸோ, தந்தி டெலிவரி ஆயிடுச்சு இல்லையா?" என்றார். இன்டிமேஷன் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது அவருக்கு. நிபுணருக்கு வேறு நாள் இல்லை, வராதவர்களுக்கு மார்க் இல்லை. நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அந்தக் கதவு தவிடு அடைத்து ஏற்கெனவே சரியாகச் சாத்தாது. அறைந்த சத்தம்கூட ஒழுங்காக வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அறுவடை முடிந்த நேரம். மில் வாசலில் நெல் மூட்டை மலையாகக் கிடந்தது. அன்று மட்டும் மோட்டாரைக் கொஞ்சம் தாமதமாகப் போடச் சொல்லி உன் வாப்பாவிடம் கேள் என்று அந்தப் பையனிடம் முன்பே சொல்லியிருந்தேன். "கேட்டேன் மேடம். திட்டுனாரு," என்றான். நிபுணர் பன்னிரண்டு மணிக்கு வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார். மில் நிற்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்ததில் அவருக்கு எரிச்சல். மில் நின்றதும் ஒவ்வொருவராக ஓட்டிக் காட்டினார்கள். பெருக்கிக் காட்டியவன் அன்றைக்குச் சமமாக்கிக் காட்டினான். விரிக்காதவன் விரித்துக் காட்டினான், பாதி வரை. மில் முதலாளி மகன் தொழுகைக்குப் போகுமுன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாளைப் பார்த்தே நிபுணர் அவனுக்கு மார்க் போட்டார். அது ஒன்றுதான் அன்று நடந்த நியாயம்.

"இன்னும் ஒருவர் பாக்கி. ஆப்சென்ட்?" என்று தலைவர் பேனாவைத் திறந்தார்.

அப்போது வாசலில் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து முதலில் இறங்கியவள் அவள். பின்னால் அவள் அப்பா. அதற்கும் பின்னால், ஜனவரி மாதத்து மத்தியான வெயிலில், முழங்கால் வரைக்கும் கோட்டுப் போட்டுக் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு மனிதர். அந்தச் சிரிப்பை நான் மாலைக்கு நடுவில் பார்த்திருக்கிறேன்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அப்பா பிரான்சுக்குக் கொடுத்த தந்தியில், நலமா, உடனே தெரிவிக்கவும் என்றுதான் இருந்ததாம். ஆனால் சித்தப்பாவும் அதே வீட்டில் பிறந்தவர்தானே. பாகூரிலிருந்து தந்தி என்றதும் அண்ணன் போய்விட்டார் என்று முடிவு செய்து, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் மெட்ராஸிலிருந்து டாக்ஸி பிடித்து வந்து, தெருமுனையிலேயே இறங்கி அழுதுகொண்டு ஓடிவந்திருக்கிறார். வாசலில் அவரை எதிர்கொண்டவர் அண்ணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்களாம். பெண்கள் மட்டும் அழுகையை நிறுத்தவில்லை. ஆரம்பித்த அழுகை வீணாகக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ.

"நேரம் ஆவுது, ஓட்டு," என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஃப்ளாப்பியைச் செருகினாள். ஒரு மாதத்து வானிலை அறிக்கை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி வந்தது. நிபுணர் முதல் தடவையாக நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"எக்ஸ்பேண்ட் பண்ணுங்க. முழுசா. ஒரு எழுத்து விடாம ஒரிஜினலோட ஒத்துப் பார்க்கணும்."

அது நேரம் எடுக்கிற வேலை. ஃப்ளாப்பி கரகரவென்று சுற்றியது. வரி வரியாக விரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மோட்டார் ஓட்டுகிறவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்விட்ச் போர்டைப் பார்த்துப் போனார்.

"மில்லைப் போட்டுடப் போறாங்க," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

வாசலில் நின்றிருந்த அவள் அப்பா, "போட்டா இன்னாம்மா?" என்றார்.

"இது நின்னுடுங்க. இவ பண்ணினது அத்தனையும் போயிடும்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது மகளின் முதுகும், அதற்கு அப்பால் பச்சை எழுத்துகளும்தான். அவை என்ன என்று அவர் கேட்கவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. களத்தில் கிடந்த மூட்டை ஒன்றில் கை விட்டு ஒரு பிடி நெல் எடுத்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்தார். மோட்டார்க்காரரைக் கூப்பிட்டு, இதென்ன இவ்வளவு ஈரம், இதைப் போட்டால் அரிசி நொறுங்காதா என்று ஆரம்பித்தார். அது அவருடைய நெல் அல்ல. அந்த மில்லுக்கு அவர் அதற்கு முன் வந்ததுமில்லை. மோட்டார்க்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார். என் மில்லில் நொறுங்கிற்று என்று யார் சொன்னது என்று அவர் கேட்க, இவர் இன்னொரு பிடி நெல்லை எடுத்து அவர் கையில் வைக்க, கோட்டுப் போட்ட தம்பியும் நடுவில் புகுந்து பாதி பிரெஞ்சிலும் பாதி பாகூர்த் தமிழிலும் நெல்லைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். ஸ்விட்ச் போர்டுப் பக்கம் ஒருவரும் இல்லை.

உள்ளே கடைசி வரி விரிந்து முடிந்தது. ஒரிஜினலோடு ஒத்துப் பார்த்தாயிற்று. வித்தியாசம் இல்லை என்று திரையில் வந்தது.

நிபுணர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சுருக்கின பக்கம் ஒரு அட்டவணை, விரிக்கிற பக்கம் வேற அட்டவணைன்னா என்னம்மா ஆகும்?"

"போன திங்கக்கிழம எங்க வூட்ல ஆனது ஆவும் சார்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் தலைவர் என்னை முறைத்தார். நிபுணர் விளக்கத்துக்குக் காத்திராமல் மார்க்கை எழுதினார், நல்ல மார்க்காகவே எழுதினார். அவர் பேனாவை மூடுவதற்கும் மோட்டார் உறுமுவதற்கும் சரியாக இருந்தது. ட்யூப்லைட் சிமிட்டியது, திரை இருண்டது, ஸ்டெபிலைசர் டக் டக்கென்று தன் செய்தியைச் சொன்னது.

வெளியே வந்தோம். தலைவர் கோட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விவரம் தெரிந்ததும் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மேடம், தந்தி கொடுத்ததுனால பிரான்ஸ்லேர்ந்தே ஆள் வந்திருக்காங்க. உங்க கண்டக்டர் கொண்டாருவாரா?" என்றார். அந்த மனிதரோடு இன்னும் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன் என்பதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அவள் அப்பா துண்டை அவிழ்த்து நெல் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"ஒண்ணு சொல்றேம்மா, கேட்டுக்குங்க. அடுத்த வருசம் எதுனா சேதின்னா தந்தி கிந்தி அடிக்காதீங்க. கண்டக்டர் கிட்ட சொல்லி வுடுங்க, போதும்."

சரிங்க என்றேன். 'அடுத்த வருசம்' என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. அவர் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டு டாக்ஸியைப் பார்த்து நடந்தார். வாசற்படியில் செருப்பு மாட்டக் குனிந்த அவள், குனிந்தபடியே இருந்தாள்; கொஞ்ச நேரம் நிமிரவில்லை.